நிவாரண லாரி கிளம்பும் முன்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது. மனமிரங்கி அனுப்பியவைதான். ஆனால் பலவற்றை அங்கே யாராலும் உடுத்த முடியவில்லை. அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, அந்தத் துணிகளைத் தரம் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரப் பெரும்பாடு பட்டது. அனுப்பும் முன் கேட்டிருந்தால் அந்த உழைப்பு வேறு வேலைக்கு ஆகியிருக்கும். சிறு அறக்கட்டளைகளை நடத்துபவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் மட்டும் கேட்டால் ஆண்கள் சொல்வது மட்டுமே காதில் விழும். நாப்கின், உள்ளாடை, மறைவான கழிப்பிடம் பற்றியெல்லாம் எந்தப் பெண்ணும் கூட்டத்தில் எழுந்து பேசமாட்டார். பெண் தொண்டர்கள் தனியே போய்ப் பேச வேண்டும்.

• நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர்களைத் தேடிப் போங்கள். தலைமையில் இருப்பவர் வேறு எந்த வேலையை விட்டாலும் இதை விடக்கூடாது. சுனாமியின்போது படகும் வலையும் இழந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கூலி வேலை போன தலித் குடும்பங்களும் பழங்குடி இருளர்களும் பல இடங்களில் கணக்கிலேயே வரவில்லை. முகாமிலும் விநியோகத்திலும் சாதி பார்க்கப்பட்டது அப்போதே பதிவாகியிருக்கிறது. ரேஷன் அட்டை இல்லை, ஆதார் வெள்ளத்தில் போய்விட்டது என்பவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அதற்கு அப்பாலும் நடந்து போய்ப் பாருங்கள்.

• மற்ற அமைப்புகளோடு ஊர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாகையில் சிநேகா, சிஃப்ஸ் போன்ற அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நடத்தின. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் சாலையோர ஊருக்கே பத்துப் பேர் அரிசி கொடுப்பார்கள்.

• முகாம் அமைத்தால் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற ஸ்பியர் (நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச நெறி) அளவையாவது எட்டப் பாருங்கள்.

• முதல் சில வாரம் போகட்டும், அப்போது எந்த நிபந்தனையும் வேண்டாம். அதன்பின் ‘கூஞ்ச்’ வழியை யோசியுங்கள்: ஊர் மக்களே கூடிப் பேசி, குளம் தூர்வாருவது, பாதை சீரமைப்பது என ஒரு வேலையை எடுத்துச் செய்கிறார்கள், அந்த உழைப்புக்கு ஈடாகப் பொருள் பெறுகிறார்கள். கையேந்த வேண்டிய கூச்சம் இல்லை.

• வரவு செலவை அந்த ஊரிலேயே எழுதி ஒட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

• லாரி மேலிருந்து பொட்டலங்களை வீசாதீர்கள். ஓட முடிந்தவருக்குக் கிடைக்கும். முதியவரும் கைக்குழந்தைக்காரியும் வெறுங்கையோடு திரும்புவார்கள். முந்தைய நாளே வீடு வீடாக டோக்கன் கொடுத்துவிடுங்கள்.

• வாங்குபவரை நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அடுக்கிய மூட்டைகளின் படமும் பில்லும் போதும். பொட்டலத்தில் ஒட்ட உங்கள் பெயர் போட்ட ஸ்டிக்கர் வரும்வரை சரக்கைக் குடோனில் நிறுத்திவைப்பதும் பாவம்.

• பெற்றோரை இழந்த குழந்தையை நல்லெண்ணத்தோடுகூட நீங்களே அழைத்துப் போகாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள்.

• வெளிநாட்டு நன்கொடையை உரிய பதிவு இல்லாமல் வாங்காதீர்கள். பதிவு இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தின்படி அதை வேறு அமைப்புக்கு மாற்றித்தர முடியாது. நிர்வாகச் செலவும் அதில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உள்நாட்டில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

• எல்லா முடிவும் உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கக்கூடாது. களத்தில் நிற்பவர் கேட்காமலே செலவழிக்க ஒரு தொகையை வரையறுத்துக் கொடுங்கள். கொள்முதலை உறவினர் கடையில் செய்யாதீர்கள்.

• அரிசி மூட்டையோடு பணி முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதிதாக நடும் நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதில் பிழைக்கும், பழைய கடனை எப்படி அடைக்கும் என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஊடுபயிருக்கு விதை, வங்கிக்கு மனு, ஒரு கறவை மாடு என எது உங்களால் முடியும், எதுவரை இருப்பீர்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே தேதியோடு சொல்லிவிடுங்கள்.