பத்து நண்டு போதும்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. “கடலுக்குள்ள இறங்கிப் பார்க்காம, நண்டு குறைஞ்சு போச்சுன்னு எப்படி அத்தை சொல்றாங்க?” என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியைக் கேட்டு உன் அப்பா என்னோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறார்.

கடலில் இருப்பதை யாராலும் எண்ண முடியாது. கரைக்கு வருவதைத்தான் எண்ணுகிறார்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. தினமும் எல்லாப் படகையும் பார்க்க ஆள் ஏது? சில கரை, சில நாள், சில படகு என்று குலுக்கல் முறையில் எடுத்து, அவற்றில் வந்ததைப் பார்த்து மொத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு சோறு பதம் என்பார்களே, அதுதான். ஆனால் எப்போதும் மேலே கிடக்கும் சோற்றையே எடுத்தால் ஏமாந்து போவோம். குலுக்கல் அதற்காகத்தான்.

அப்படி எடுத்தாலும் எடையை மட்டும் நம்பாதே. போன வருஷம் அப்பா பத்துத் துண்டு வலை விட்டு 20 கிலோ நண்டு கொண்டு வந்தார், இந்த வருஷம் இருபது துண்டு விட்டும் அதே 20 கிலோ என்று வைத்துக்கொள். ஏலக்காரர் நோட்டில் இரண்டும் ஒன்றுதான். துண்டுக்கு இரண்டு கிலோ கிடைத்த இடத்தில் இப்போது ஒரு கிலோதான் என்பது வலையையும் சேர்த்து எழுதினால்தான் தெரியும்.

அடுத்தது அளவு. மீனின் தலைக்குள் செவிக்கல் இருக்கிறது. அதன் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லலாம். ஆனால் நண்டு வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறது, அந்தக் கணக்கும் ஓட்டோடு போய்விடும். அதனால் முதுகோட்டின் அகலத்தை, ஒரு பக்க முள் நுனியிலிருந்து மறுபக்க முள் நுனி வரை அளக்கிறோம். வருஷா வருஷம் அது சுருங்கிக்கொண்டே வந்தால், நண்டு பெரிதாகும் முன்பே வலைக்கு வந்துவிடுகிறது என்று சந்தேகப்படலாம்.

பிறகு நண்டைப் புரட்டிப் பார். வயிற்று மடிப்பு ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். அந்த மடிப்புக்கடியில் பஞ்சுபோல் பிதுங்குவது சினை. மஞ்சளாக இருந்தால் புதிது. நாளாக ஆகப் பழுப்பாகி, பொரியும் தறுவாயில் கறுத்துவிடும். உள்ளே குஞ்சுகளுக்குக் கண் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு தாயிடம் முட்டை லட்சக்கணக்கில் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறதே, போதாதா என்பார் அப்பா. நாம் பேசும் நீலக்கால் நண்டு வருஷம் முழுக்கச் சினை வைக்கிறது. தடைக்காலம் தெரிந்தா அது சினை வைக்கும்? உயிரோடு சிக்கிய சினை நண்டை உடனே கடலில் விடுவதுதான் மீதி மாதங்களுக்கான காவல்.

விட்டாலும், குஞ்சுக்கு வீடு வேண்டும். அந்த வீடு கடற்புல். தரையை வழித்துக்கொண்டு போகும் இழுவை மடி அதைப் பிய்த்துவிடும். வடகடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கான காப்பகமாக அரசு அறிவித்தது. ஆவுளியா மேயும் புல்லைக் காத்தால் நண்டுக்குஞ்சுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். வாரம் ஒரு நாள் பத்து நண்டு போதும். பெரிதாகப் பார்த்துப் பொறுக்காதே. கூடையில் கைக்கு வந்ததை, கொடுக்கு பத்திரம், எடு. அகலம், ஆணா பெண்ணா, சினையின் நிறம், அன்றைக்கு விட்ட வலை எத்தனை துண்டு, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுது. பொங்கலுக்கு வரும்போது நோட்டைக் காட்டு. எனக்கும் உன் அப்பாவுக்கும் நடக்கிற சண்டையில் இனி அதுதான் நடுவர்.

அன்புடன்,
அத்தை