குச்சிக் கட்டும் கூட்டல் கணக்கும்

கேள்வி: என் மகள் தமிழ் வழியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் குச்சியும் புளியங்கொட்டையுமாக விளையாட்டுதான். நோட்டில் ஒன்றும் காணோம். படிப்பு தேறுமா?
- ஒரு வாசகி, சூரியநெல்லி

பதில்: தேறும் சகோதரி. 32-ம் 19-ம் எவ்வளவு என்று கேட்டால், ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைப்பாள். முதலில் நாலு கட்டு, உதிரி பதினொன்று. அந்த உதிரியில் பத்தை எடுத்து இன்னொரு கட்டு போடும்போதுதான், நாம் மனப்பாடமாகச் சொன்ன 'மீதி ஒன்று' எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குப் பிடிபடும். கட்டு ஐந்து, உதிரி ஒன்று: 51.

இது புதுசும் அல்ல. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. பிறகு தமிழகம் முழுக்கப் பரவியது. 2022-ல் வந்த தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இந்த வழிதான்.

ஆனால் ஒன்று: கட்டுவது பிள்ளையாக இருக்க வேண்டும். ஆசிரியர் கட்டிக் காட்ட, நாற்பது பேர் வேடிக்கை பார்த்தால் பயனில்லை. குச்சியில் கண்டதை அன்றே எண்ணாக எழுதவும் வேண்டும். நோட்டைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயம்தான்.

வீட்டில் 52-லிருந்து 17-ஐ எடுக்கச் சொல்லுங்கள், கட்டைத் தானாகப் பிரிக்கிறாளா என்று பாருங்கள். எண்ணுவதற்கு உங்கள் ஊர் ஏலக்காய் மட்டும் வேண்டாம், விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது!