இல்லத் தளிகையில் சிறுவர் கற்பவை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். இல்லையேல் கம்பும் குதிரைவாலியுமே. இத்தகைய நாட்டிலும், படிப்புக் கெடும் என்று அஞ்சிப் பிள்ளைகளை அடுப்பங்கரைக்கு வெளியே நிறுத்துவது வழக்கமாகிவருகிறது. இழப்பு சிறிதன்று. அரிசி களைந்த முதல் நீர் பசுவின் தொட்டிக்கும், அடுத்த நீர் குழம்புக்கும் செல்வதை நாள்தோறும் காணும் பிள்ளை, குடத்து நீரை வீணே கொட்டத் துணியுமோ?

ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் சமையலைத் தளிகை என்பர். பெருமாள் அமுது செய்தருளுமுன் எதனையும் ருசி பார்த்தலாகாது. இவ்விதியே சிறுவருக்கு நல்லாசான். நாவின் துணையின்றி உப்பைக் கையளவாலும், புளியின் பச்சை வாசனை அடங்கியதை நாசியாலும், சோற்றின் பதத்தை ஒரு பருக்கையை நசுக்கியும் அறிதல் வேண்டும். குதிரைவாலி அரிசியோ நெல்லரிசியினும் விரைவில் குழைந்துவிடும், கண் அகலலாகாது. உப்பு மிஞ்சிவிட்டால்? பெருமாளிடம் அபராத க்ஷமாபணம் சொல்லி, அன்று அனைவரும் அதனையே உண்பர். பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. மறுநாள் அக்கை தானே அளந்து இடும்.

அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தையும் இல்லறத்தானின் கொலைக்களங்கள் என மனுஸ்மிருதி கூறும். அவற்றால் அறியாது நேரும் உயிர்வதைக்குப் பரிகாரமாகவே பஞ்ச மஹாயஜ்ஞங்கள் விதிக்கப்பட்டன. அதிதிக்கு அன்னமிடுதலும் அவற்றுள் ஒன்று. விறகைத் தட்டி எறும்பை உதிர்த்த பின்னரே அடுப்பில் வைக்கப் பழகிய குழந்தை, ஏட்டைத் தொடாமலே இச்சாஸ்திரத்தை அறிந்ததாகும். எரிவாயு அடுப்பு வந்த பின்னும் பருப்பில் வண்டும் கீரையில் புழுவும் பார்த்து அகற்றும் பணி குறையவில்லை.

இது பெண்மக்களுக்கே உரியது என்பாரும் உளர். பெருமாள் கோயில்களின் திருமடைப்பள்ளியில் தளிகை செய்வோர் ஆடவரே அல்லரோ! விராடனது அரண்மனையில் சமையற்காரனாய் அமர்ந்தவன் பீமசேனன். 1879-இல் இதே திருச்சுழியில் பிறந்த ரமண மஹரிஷிகளும் திருவண்ணாமலை ஆச்ரமத்தில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கியவர். கீரைத் தண்டினையும் எறிய விடாதவர்.

திருவிழா ஸேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், அடுத்த த்வாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை ஆயும் வேலையைப் பையனிடமும் பெண்ணிடமும் ஒருசேரக் கொடுத்துப் பார்க்கலாம். சற்று நேரம் பிடிக்கும். தாளிக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் அருகில் நிற்கட்டும்.