ஆமை ஓடு திடமாக வளர...

மீன் கடையில் உள்ளங்கை அளவில் வாங்கும் சிவப்புக்காது ஆமை, வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும். ஓடு அதன் உடம்பில் ஒட்டிய உயிருள்ள எலும்பு. தொட்டால் ஆமைக்குத் தெரியும்.

● காலை இளவெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது. ஓட்டுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மதுரை வெயிலில் சிறு தொட்டி சீக்கிரம் கொதித்துவிடும். பாதி இடம் நிழலாக இருக்கட்டும்.

● சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையை (கணவாய் ஓடு) ஒரு துண்டு தண்ணீரில் போடுங்கள்; கடித்துத் தின்னும்.

● ஏறிக் காய ஒரு கல் வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

● வளரும்போது மெல்லிய தகடுகள் தானாக உரியும். பிய்க்காதீர்கள். எண்ணெய், பெயின்ட் பூசவே கூடாது.

● ஓடு மெத்தென்று இருந்தாலோ, புண்ணோ நாற்றமோ வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

● வளர்க்க முடியாவிட்டாலும் வைகையிலோ தெப்பக்குளத்திலோ விடாதீர்கள். நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துவிடும்.

● நட்சத்திர ஆமையை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்டால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.