தனித்துச் சென்ற ஒருவர்

சோழவள நாட்டின் தென்கீழ்க் கோடியிலே, கடலும் காடும் ஒருங்கு கூடும் இடத்தில் அமைந்தது கோடியக்கரை. ஈண்டுக் கோயில்கொண்ட குழகரைப் பாடவந்த சுந்தரர், துணை ஒருவருமின்றி இக்கடற்கரையில் தனித்திருத்தல் என்னை என்று இறைவனையே வினவினார் என்பது தேவாரம் பயின்றார் அறிந்ததே. 1989-ஆம் ஆண்டில் இவ்வூரார் தம் நாடாளுமன்ற உறுப்பினரை நோக்கியும் அவ்வினாவை எழுப்பியிருத்தல் கூடும். வேதாரணியம் பகுதி முழுதும் நாகப்பட்டினம் தனித்தொகுதியைச் சார்ந்தது. அத்தொகுதியினின்று அவ்வாண்டு தில்லி சென்றவர் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியினரான திரு. எம். செல்வராசு என்பார். அவருக்கு அப்போது வயது 32.

நீடாமங்கலத்தை அடுத்த கப்பலுடையான் என்னும் சிற்றூரில் 1957 மார்ச்சுத் திங்களில் அவர் பிறந்தார். மக்களவைக்கு நிற்பதற்கு அரசியலமைப்பு விதித்த வயது 25 ஆதலின், 32 என்பது வியப்பன்று என்பார் உளர். வயதன்று வியப்பு, அவர் வென்ற சூழலே வியப்பு.

1989 சனவரியில் தி.மு.க. தமிழ்நாட்டின் ஆட்சியைப் பிடித்தது. பத்துத் திங்களுக்குள், நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில், அதே கட்சி ஓரிடமும் பெறவில்லை. மொத்தம் 39 தொகுதிகளுள் காங்கிரசு 27-ம், அ.தி.மு.க. 11-ம் கொண்டன. எஞ்சிய ஒன்று நாகப்பட்டினம். தி.மு.க. அணியில் நின்றோர் அனைவரும் வீழ, வென்றவர் செல்வராசு ஒருவரே. வாக்குரிமை வயது 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டபின் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலும் அதுவே என்பதை, அவ்வயதினை அண்மையிற் கடந்த யாம் சிறிது ஆர்வத்தோடு குறிக்கின்றோம்.

இவ்வெற்றி யாருடையது? ஓர் இளைஞரின் தனித்திறமையே காரணம் என யாம் கருதவில்லை. 1940-களில், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து, சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிதல் வேண்டுமெனப் பண்ணையாட்களை ஒன்றுதிரட்டினார். (பிறமொழியாளர் ஒருவர் நம் சேரிகளில் தமிழ் பேசிப் பழகிய வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.) அவ்வியக்கம் வளர்த்த ஊர்களே பின்னாளில் 1971-லும் 1977-லும் இத்தொகுதியைக் கம்யூனிஸ்டுகளுக்கு அளித்தன. 1977-இல் வென்ற எஸ். ஜி. முருகையன் 1979-இல் கொலையுண்டார். ஆயினும் முன்னோர் விதைத்ததைப் பின்னோர் எளிதில் அறுத்தார் என்றும் சொல்லுதற்கில்லை. 1980-லும் 1984-லும் அக்கட்சி இத்தொகுதியை இழந்து நின்றதன்றோ! இழந்ததை மீட்ட பணி செல்வராசுவினது.

தில்லியில் அவர் கண்ட அவையும் நிலையற்றது. 1989 டிசம்பரில் அமைந்த வி. பி. சிங் அரசை இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கினர். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு அவ்வவையில் இருந்தோர் 12 பேரே. அக்காலத்தில் நம் நாட்டிற்கு நேர்ந்த பெருநிகழ்ச்சி காவிரி நடுவர் மன்றம். டெல்டா உழவர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1990 மே மாதம் ஆணையிட, சூன் 2-ஆம் நாள் அம்மன்றம் அமைந்தது. கடைமடையாகிய வேதாரணியம் பகுதிக்குக் காவிரி நீர் வந்தெய்துதலே அரிது. மழையையும் ஏரியையும் நம்பியே பல வயல்கள் விளைகின்றன. ஆதலின் மேலை ஊர்களினும் இவ்வூர்களுக்கு அம்மன்றம் இன்றியமையாதது. அதனைப் பெற்றது உழவர்தம் வழக்கே. உறுப்பினர் ஒருவரின் குரலால் வந்ததெனல் மிகையாம். எனினும், ஆட்சியைத் தாங்கும் அணியில் கடைமடையின் பேரால் மக்களவையில் அமர்ந்திருந்த தமிழர் அவர் ஒருவரே என்பதும் மறுக்கற்பாலதன்று.

1990 நவம்பரில் அவ்வரசு கவிழ்ந்தது. 1991 மார்ச்சில் அவை கலைந்தது. ஐந்தாண்டுக்கென்று சென்றவர் ஒன்றேகால் ஆண்டில் மீண்டார். மே 21-இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொலையுண்டபின், சூனில் இங்கு வாக்கெடுப்பு நடந்தது. காங்கிரசு, அ.தி.மு.க. அணி 39 இடங்களையும் கைப்பற்ற, நாகையும் அவற்றோடு சென்றது.

ஒருமுறை வென்று மறைந்த இளைஞர் எத்தனையோ பேர். செல்வராசு 1996-இல் மீண்டும் வென்றார். அது காற்றோடு சென்ற வெற்றி எனலாம். 1998-இல் காற்று எதிரே வீசிற்று. அ.தி.மு.க. அணி 30 இடங்களைக் கொண்டது. தப்பிய ஒன்பதனுள் நாகப்பட்டினமும் ஒன்று. மூன்று வெற்றிகளுள் இரண்டு எதிர்க்காற்றில் பெற்றவை ஆதலின், 1989-இன் வெற்றி தற்செயலன்று என்பது எம் துணிபு.

அடுத்த வெற்றிக்கு அவர் 2019 வரை காத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 62. 2024 மே 13 அன்று காலமானார்.