ஆங்கிலம் அறிவோம்: வினையின் பின் வரும் சிறுசொல்

பெரம்பலூர் அன்பர் ஒருவரின் மகனுக்கு அரியலூரிலிருந்து கடிதம் வந்தது. நேர்முகத் தேர்வு 'கால்டு ஆஃப்' என்றிருந்தது. 'கால்' என்றால் அழைப்பு எனக் கொண்டு பேருந்தேறிச் சென்றான், அங்கே எவருமில்லை. 'கால் ஆஃப்' என்பது கைவிடுதல். 'கால் ஃபார்' வேண்டுதல். 'கால் ஆன்' சென்று காணுதல். வினை ஒன்றே, பொருளைத் திருப்புவது பின்வரும் சிறுசொல். 'புட் ஆஃப்' எனில் ஒத்திவைத்தல் மட்டுமே. படிப்பதை நிறுத்தலாகாது!

இது நமக்குப் புதிதன்று. இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்தே வரும் என்பது பவணந்தி முனிவரின் நன்னூல் காட்டும் இலக்கணம். 'விட்டுக்கொடு' என்பதை விடு, கொடு எனப் பிரித்தால் இணங்குதல் என்னும் பொருள் கிட்டுமோ?

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்றும் 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதை ஆங்கிலத்தில் 'கார்வ்டு அவுட்' என்பர். 'கார்வ்' செதுக்குதல், ஆயினும் இங்கே உளியில்லை. 2007இல் பெரம்பலூரினின்றும் அரியலூர் பிரிந்ததற்கும் அதுவே சொல்.