போர்ட் ஆப் ஸ்பெயினின் மாலைப்பொழுது

டிரினிடாட் தீவின் தலைநகர் போர்ட் ஆப் ஸ்பெயின். பொழுது சாய்ந்ததும் குயின்ஸ் பார்க் சவான்னா என்னும் பெருந்திடலின் ஓரத்தில் உணவுக்கடைகள் ஒளிரும். ‘பரா’ என்னும் பொரித்த அப்பம் இரண்டில் கொண்டைக்கடலைக் கறியை வைத்துத் தருவர். ‘டபுள்ஸ்’ எனப்படும் அவ்வுணவை அனைவரும் விரும்பி உண்பர். திருவிழாக் காலத்து இரவுகளில், எண்ணெய்ப் பீப்பாய்களிலிருந்து உருவான எஃகுமேளங்கள் இனிது ஒலிக்கும்.

1845 முதல் 1917 வரை இந்தியத் தொழிலாளர் பலர் கரும்புத் தோட்டங்களில் உழைக்க அங்குச் சென்றனர். அவர்களுள் சென்னையில் கப்பலேறிய தமிழரும் இருந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களின் பேச்சில் தமிழ் மெல்ல மறைந்தது. இந்திய உணவின் சுவையோ நிலைத்தது. சுவையை நாக்கு காக்கும். மொழியைப் பேச்சே காக்கும்.

வினா: டிரினிடாட்டில் நிலைத்தது எது? மறைந்தது எது?